காயலான்கடை கொடுத்த கரண்ட்

1920 நவம்பர் 2 அன்று, பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ வானொலி அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதன் பின் சில ஆண்டுகளிலேயே வானொலி மோகம் பண்ணைவீடுகள் வரை பரவிவிட்டது. பெட்டி வந்து சேர்ந்தது; மின்கம்பிதான் வரவில்லை. 1930களின் நடுவில்கூடப் பத்துப் பண்ணைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு.

அன்றைய பெட்டிகள் பலவற்றில் வால்வுகளைச் சூடேற்ற 6 வோல்ட் பேட்டரி வேண்டும். வாசலில் நின்ற காரிலும் அதே 6 வோல்ட்தான். ஆகவே மாலையில் காரிலிருந்து கழற்றிப் பெட்டிக்கு, காலையில் திரும்பக் காருக்கு. சிலர் டவுன் கராஜுக்குச் சுமந்துபோய்க் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றி வந்தார்கள். ஈயமும் அமிலமும் நிறைந்த அந்தப் பேட்டரியின் கனம், தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

வசதியுள்ளவர்கள் 'டெல்கோ-லைட்' வாங்கினார்கள். 1916இல் ஒஹையோவின் டேட்டனிலிருந்து வந்த சரக்கு அது: சின்ன எஞ்சின், டைனமோ, பதினாறு கண்ணாடி பேட்டரி ஜாடிகள், மொத்தம் 32 வோல்ட். அதன் பின்னால் இருந்தவர் சார்லஸ் கெட்டரிங். காரைக் கையால் சுழற்றிக் கிளப்பும் தொல்லையை 1912 காடிலாக்கில் ஒழித்த செல்ஃப் ஸ்டார்ட்டரும் அவருடையதுதான்.

வேடிக்கை அங்கேதான். ஸ்டார்ட்டர் வைத்தால் பேட்டரி வேண்டும். பேட்டரி இருந்தால் அதற்குத் தீனி போட டைனமோ வேண்டும். 1919இல் ஃபோர்டின் மாடல் டி-யிலும் இவை வரத் தொடங்கின. கார் தேய்ந்து காயலான்கடைக்குப் போனாலும் டைனமோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; அதை வாங்கி வந்து வீட்டிலேயே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றலாம். கெட்டரிங் விற்ற மின்நிலையத்துக்கு அவருடைய பழைய யோசனையே மலிவான போட்டியை உண்டாக்கிவிட்டது.

டைனமோவைச் சுற்ற எஞ்சின்? அயோவாவின் மேடேக் நிறுவனம், கரண்ட் இல்லாத வீடுகளுக்கென்றே 1910களின் நடுவில் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய துணி துவைக்கும் இயந்திரத்தை விற்கத் தொடங்கியிருந்தது. மிதித்துக் கிளப்பும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். திங்கட்கிழமை வெளுப்பு முடிந்தால் மற்ற நாளெல்லாம் சும்மாதான் கிடக்கும்.

கனத்த பலகை ஒன்று. ஒரு முனையில் எஞ்சின், மறுமுனையில் டைனமோ, நடுவே பெல்ட். பெல்ட் தொய்ந்தால் இழுத்துவிட வசதியாக டைனமோவின் போல்ட் துளைகளை நீளவாக்கில் வெட்டினால் நல்லது. மறக்கக் கூடாத உருப்படி, காரிலிருந்தே கழற்றிய கட்-அவுட் என்ற தானியங்கி சுவிட்ச். அது இல்லாமல் எஞ்சின் நின்றுபோனால் பேட்டரியின் மின்சாரம் திரும்பப் பாய்ந்து டைனமோவை மோட்டாராக்கிவிடும், ஏற்றியதெல்லாம் வீண். எவ்வளவு ஆம்பியர் ஏற வேண்டும் என்பதை டைனமோவின் மூன்றாவது பிரஷ்ஷை நகர்த்தி முடிவு செய்யலாம். ரெகுலேட்டர் இல்லாத காலத்தின் கெட்டிக்கார ஏற்பாடு! புகையை வெளியே விட ஒரு குழாய் அவசியம். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் கக்கும் என்பதால், பக்கத்தில் தீக்குச்சி உரசுவதும் ஆபத்து.

மினியாபொலிஸில் வெளியான 'லீஜே' என்ற கையேடு, பழைய கார் டைனமோவுக்குக் கம்பி மாற்றிச் சுற்றி வேறு வேலைகளுக்குப் பழக்கும் வித்தையைப் படம் போட்டே விளக்கியது.

1935இல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயமாக்க நிர்வாகத்தை நிறுவியது. பிறகு கம்பங்கள் மெல்ல மெல்லப் பண்ணைகளை எட்டின. மேடேக் எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டார் ஏறியது. ஆசையாய் வாங்கிய 32 வோல்ட் பல்புகளும் இஸ்திரிப் பெட்டிகளும் புது லைனின் 110 வோல்ட்டுக்கு ஆகாமல் பரணுக்குப் போயின.