போர் விளையாட்டில் நடுவர்: மாதிரித் தாங்கிகளின் உணரி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போரைப் போலச் செய்து பார்க்கும் விளையாட்டுகள் யாவற்றுக்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்றுண்டு. உண்மைப் போரில் குண்டு பட்டதா இல்லையா என்பதை எவரும் வாதித்துத் தீர்க்க வேண்டியதில்லை, காயமே சான்றாகும். விளையாட்டிலோ காயம் இல்லை. ஆதலால், அடிபட்டவனை அடிபட்டதாக ஏற்கச் செய்வதற்கு இருபக்கத்தாரும் ஒப்பும் நடுவர் ஒருவர் வேண்டும். வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரிப் போர்த்தாங்கிகளிற் பொருத்தப்படும் செந்நிறக் கீழ்க்கதிர் உணரி அத்தகைய நடுவரே. மாதிரியின் தோற்றம் கெடாதவாறு அதனை எங்கே மறைப்பது என்பது வெறும் கைவினைச் சிக்கலாகத் தோன்றலாம். எனினும், அச்சிக்கலின் பின்னே ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

1824இல் பிரசியப் படை அதிகாரியான றைஸ்விற்ஸ் என்பார் வரைபடத்தின் மீது ஆடும் போர் விளையாட்டொன்றைப் படையினருக்கு அறிமுகஞ் செய்தார். இழப்புகளைத் தாயக்கட்டையும் அட்டவணையும் கணித்தன. அவற்றை நடுவர் ஒருவர் நடத்தினார். இக்கணிப்பு ஆட்டத்தைத் தாமதப்படுத்துகின்றது என்ற குறை எழுந்தமையால், 1876இல் வேர்டி டு வேர்னுவா அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே முதன்மையாக்கினார். இயந்திரத்தனமான கணக்கை நம்புவதா, மனிதனின் மதிப்பீட்டை நம்புவதா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 'சிறு போர்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். ஈயப் போர்வீரரைத் தரையில் நிறுத்தி, வில்விசையால் இயங்கும் விளையாட்டுப் பீரங்கியிலிருந்து சிறு மரத்துண்டை எறிந்து வீழ்த்துவது அவரது முறை. இங்கு வீழ்ந்த பொம்மையே சான்று. உண்மைப் போரின் பேரழிவோடு ஒப்பிடுகையில் இச்சிறு போரே மேலானது என்பது நூலின் இறுதியில் அவர் வற்புறுத்திய கருத்தாகும். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

கதிரை நடுவராக்கும் வழி பின்னரே பிறந்தது. கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிரை வில்லியம் ஹேர்ஷல் 1800இல் அரியமும் வெப்பமானியும் கொண்டு கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜேர்மானியர் தம் பாந்தர் தாங்கிகள் சிலவற்றில் இருளிற் பார்ப்பதற்கு இதனைப் பயன்படுத்தினர். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கப் படைக்காக உருவாக்கப்பட்ட மைல்ஸ் என்னும் பயிற்சி முறைமை இக்கதிருக்கு வேறொரு பணியைத் தந்தது. துப்பாக்கியிற் பொருத்திய லேசர் ஊறு விளைக்காத கதிரை வீசும். வீரன் அணிந்த பட்டிகளிலுள்ள உணரிகள் அதனை ஏற்றால் ஒலி எழும். தன் ஆயுதத்தின் திறப்பைக் கழற்றினாலன்றி அவ்வொலி ஓயாது. கழற்றினால் ஆயுதம் செயலிழக்கும். தாங்கிகள் அடிபட்டால் அவற்றின் மேலுள்ள விளக்கு மின்னும். இம்முறைமையில் உணரி வெளிப்படையாகவே இருந்தது. அதனைச் சேற்றாலோ ஒட்டுநாடாவாலோ மூடுதல் ஏமாற்று எனக் கருதப்பட்டது.

மாதிரித் தாங்கிகளின் வரலாறு இதற்கு நேர்மாறான திசையிற் சென்றது. யப்பானின் ஷிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மின்னோடியால் ஓடும் பாந்தர் மாதிரியை வெளியிட்டபோது, மின்கலங்களும் மின்னோடியும் உள்ளே அடங்குமாறு அதன் பருமனைத் தீர்மானித்தது. பின்னர் உலகெங்கும் பரவிய 1/35 என்ற அளவு இவ்வாறே பிறந்தது. இயந்திரத்தை உள்ளே மறைக்கும் தேவையே ஓர் அளவுத்திட்டத்தைத் தந்தது எனலாம். 1970களின் நடுப்பகுதியில் 1/16 அளவிலான வானொலித் தாங்கிகள் வந்தன. பிற்காலத்தில் அவற்றிற் செந்நிறக் கீழ்க்கதிர்ப் போர் அமைப்பும் சேர்ந்தது.

ஆனால் உணரியை மின்கலம்போல் உள்ளே அடைத்துவிட முடியாது. நாற்புறமிருந்தும் கதிர் அதனை வந்தடைய வேண்டும். ஆதலாற் கோபுரத்தின் உச்சியில், ஆர்வலர் 'அப்பிள்' என அழைக்கும் ஓர் உருண்டை அமர்ந்தது. 1/16 மாதிரியில் மூன்று சதமமீற்றர் உயரமான ஓர் உறுப்பு, உண்மைத் தாங்கியில் அரை மீற்றர் உயரத்துக்கு ஒப்பாகும். ஒவ்வொரு தறையாணியையும் நுணுகிச் செய்தவனுக்கு அது கண்ணில் விழுந்த துரும்பே.

இதனை மறைக்கப் பல வழிகள் கையாளப்படுகின்றன. சோவியத் ரி-34 தாங்கியின் பின்புறத்து எரிபொருட் பீப்பாவாகவோ, மேலே கட்டிய பெட்டியாகவோ, சுருட்டிய படங்காகவோ உணரிக்கு வேடமிடுவது ஒரு வழி. தளபதியின் பார்வைப் பிளவுகளுக்குப் பின்னே வைப்பது மற்றொன்று. கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றினும் இக்கதிரை உட்செல்லவிடும் பிளாஸ்டிக் வகைகள் உள்ளன; தொலைக்காட்சிக் கட்டுப்படுத்தியின் முகப்பில் அதனைக் காணலாம். ஆனால் அதன்மேற் சாதாரண வர்ணம் பூசினால் கதிர் தடைப்படக்கூடும். கழற்றிப் பூட்டத்தக்க உணரியைப் போட்டியின்போது மட்டும் வைப்போரும் உளர்.

இவ்விடத்தே பழைய வினா மீண்டும் தலைதூக்குகின்றது. கோபுரத்தின் பின்னே தாழ்வாக வைத்த உணரியைக் கோபுரமே மறைத்துவிடும். முன்னிருந்து சுடுபவன் எத்தனை முறை சரியாகச் சுட்டாலும் அத்தாங்கி வீழாது. வெயிலிலும் இக்கதிர் மிகுதியாக இருப்பதால் திறந்த வெளியில் உணரியின் எட்டும் தூரம் குறையும். மண்டபத்திலோ கதிர் சுவரிற் பட்டுத் தெறித்து, குறிதவறிய சூட்டையும் பட்டதாகக் காட்டும். எனவே அழகுக்காக மறைத்தவனும் ஏமாற்றுவதற்காக மறைத்தவனும் பார்வைக்கு ஒருவரே. அவ்விருவரையும் பிரித்தறிவதற்கு, ஆட்டத்தின் முன் நாற்புறமிருந்தும் சுட்டுப் பார்ப்பதே வழி.

முடிவாக நோக்குமிடத்து, தாயக்கட்டை, மனித நடுவர், மரத்துண்டு, கதிர் என நடுவரின் வடிவம் மாறிவந்திருப்பினும், அடிபட்டவன் அதனை ஏற்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. உணரியைக் கண்ணிலிருந்து மறைத்தல் கலையாகும். கதிரிலிருந்து மறைத்தல் விளையாட்டையே அழித்தலாகும். தோல்வியை ஏற்கும் வாயிலை அடைத்துவிட்ட ஆட்டத்தில் எஞ்சுவது போரின் தோற்றம் மட்டுமே. வெல்ஸ் அதனினும் மேலானதெனக் கருதிய விளையாட்டு அங்கு இல்லை.