வடிதாளில் உலர்ந்த இரத்தத் துளி

மருந்துக்கும் நஞ்சுக்கும் அளவுதான் வேறுபாடு என்பதை நீங்கள் அறிவீர்கள். வலிப்பு நோய்க்குத் தரப்படும் பினைடாயினை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது இரத்தப் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும் என்பது பொதுக் கணக்கு. குறைந்தால் வலிப்பு திரும்பலாம். மிகுந்தால் நடை தள்ளாடும். ஆகவே அளந்து பார்ப்பது அவசியமாகிறது. இதற்குக் குழாய் நிறைய இரத்தம் வேண்டுமா? ஒரு துளியே போதும் என்பதற்கு வழிகாட்டியவர்கள், குழந்தைகளின் மூளையைக் காக்கப் புறப்பட்டவர்கள்.

1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார். அது பச்சையாயிற்று! ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை உடல் மாற்ற இயலாததால் வரும் ஃபினைல்கீட்டோனூரியா நோய் இவ்வாறு வெளிப்பட்டது. அப்பொருள் குறைந்த உணவால் பயன் உண்டு என்பது 1953-இல் தெரிந்தது. ஆனால் மூளை கெடுமுன் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரி விடை கண்டார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, வரும் இரத்தத்தை வடிதாளில் ஊறவிட்டு உலர்த்தினார். அதிலிருந்து சிறு வட்டம் வெட்டி, பாக்டீரியா கலந்த அகாரின் மேல் வைத்தார். பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஒன்றும் அகாரில் இருந்தது. இரத்தத்தில் ஃபினைல்அலனின் மிகுந்திருந்தால் தடை நீங்கி, வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளரும். வளர்ச்சி வளையத்தின் அகலமே அளவுகோல்! 1963-இல் கத்ரியும் ஏடா சூசியும் இம்முறையை வெளியிட்டனர். உலர்ந்த தாளைத் தபாலில் அனுப்ப முடிந்ததால் முறை விரைவில் பரவியது.

பின்னர் மருந்துகளையும் இவ்வாறே அளக்கலாயினர். 3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஏறத்தாழ 3 மைக்ரோலிட்டர் இரத்தமே அடங்கும். அதிலுள்ள மருந்தைக் கரைத்தெடுத்து, நிறை நிறமாலைமானியால் அளக்கின்றனர்.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. சிவப்பணுக்கள் மிகுந்த இரத்தத்தின் பாகுநிலை அதிகம். தாளின் நுண்புழைகளில் அது குறைவாகவே பரவும். சோகை நோயாளியின் இரத்தமோ அகலப் பரவும். வெட்டிய வட்டத்தில் இரத்தம் குறைந்துவிடும். இதனால் மருந்து குறைவெனக் கணக்குக் காட்டலாம். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் என்னவாகும்? நீங்களே ஊகிக்கலாம். எனவேதான், அளந்த கன அளவு இரத்தத்தைத் தாளில் இட்டு, கறை முழுவதையும் ஆராயும் முறைகள் வந்துள்ளன.

எதை அளக்கிறோம் என்பதுடன், எவ்வளவில் அளக்கிறோம் என்பதும் தெரிந்தால்தான் அளவீடு முழுமை பெறும்.