கூட்டினுள்ளிருந்து பிறக்கும் கட்டளை

நம்பத்தகாத மென்பொருளொன்றைக் கணினியின் ஏனைய பகுதிகளைத் தீண்டவொட்டாது தனியே அடைத்து இயக்கும் வழக்கம் லினக்ஸ் இயக்க முறைமையில் வேரூன்றியுள்ளது. அதற்கென அமைந்த சிறு கருவிகளுள் ஒன்று பபிள்றாப். பிளற்பாக் என்னும் பெரிய அமைப்பும் அதனையே பயன்படுத்துகின்றது. 2017ஆம் ஆண்டு சனவரியில் பபிள்றாப்பில் ஒரு வழு வெளிப்பட்டது. சி.வி.இ. 2017-5226 என எண்ணிடப்பெற்ற அவ்வழுவின் எல்லை குறுகியதே. தொலைவிலுள்ளோர் அதனை நேரே பயன்படுத்தல் இயலாது. ஒருவர் தம் முனையத்திலிருந்து தாமே இயக்கிய மென்பொருள்தான் கேடு விளைத்தல் வேண்டும்.

வழுவின் வேர் பபிள்றாப்பில் இல்லை. முனையத்தின் உள்ளீட்டு வரிசையில் எழுத்துக்களைப் புகுத்தும் அழைப்பொன்று பெர்க்கிலி யூனிக்சிலிருந்து வழிவந்தது. ரி.ஐ.ஓ.சி.எஸ்.ரி.ஐ. என்பது அதன் பெயர். அவ்வாறு புகுந்த எழுத்துக்களுக்கும் விசைப்பலகையில் மனிதர் தட்டியவற்றுக்கும் வேற்றுமை இல்லை. கூட்டினுள் அடைபட்ட மென்பொருள் ஒரு கட்டளையை இவ்வாறு எழுதிவிட்டு முடிவடையுமாயின், வெளியே காத்திருக்கும் ஷெல் அதனை உரியவரின் ஆணையென்றே கொண்டு நிறைவேற்றும். அறையிற் பூட்டப்பட்டவன் வீட்டுக்காரரின் குரலிற் பேசி வேலையாளை ஏவுவது போன்றது இது.

பபிள்றாப்பின் 0.1.6ஆம் பதிப்பு, அடைபட்ட மென்பொருளை எப்போதும் புதிய அமர்வில் இயக்கி, முனையத்தோடு அதற்கிருந்த பிணைப்பை அறுத்தது. வழு அடைபட்டது, ஆனால் ஷெல்லின் பணிக்கட்டுப்பாடும் உடன் கெட்டது. எனவே 0.1.7ஆம் பதிப்பில் அம்மாற்றம் மீளப்பெறப்பட்டு, விரும்புவோர் தெரிந்துகொள்ளும் தெரிவாக மாற்றப்பட்டது. அதனைக் கையாள இயலாதோர் செக்கொம்ப் வடிகட்டியால் அவ்வழைப்பைத் தடுக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். இதனைப் பின்வாங்கலென இகழ்தல் பொருந்தாது. எனினும் காவற்பொறுப்பு கருவியை ஆக்கியோரிடமிருந்து அதனை அழைப்போர்க்கு மாறியது. கையேட்டைப் படியாதார் காப்பின்றி நின்றனர் என்பதையும் மறுத்தற்கில்லை.

பிளற்பாக் வடிகட்டியையே நம்பியது. 2019இல் அவ்வடிகட்டியும் ஏமாற்றத்தக்கதெனத் தெரிந்தது. அது அழைப்பின் எண்ணை 64 பிற்றுகளாக ஒப்பிட்டது. கேர்ணலோ கீழ் 32 பிற்றுகளையே நோக்கும். மேற்பாதியில் ஒரு பிற்றை மாற்றினாற் போதும்: வடிகட்டி வேறெண்ணெனக் கருதி வழிவிடும், கேர்ணல் பழைய அழைப்பையே நிறைவேற்றும். சினப் அமைப்பும் அவ்வாண்டில் இதே பிழைக்கு ஆளாயிற்று. 2023 மார்ச்சில் பிளற்பாக் மற்றோர் அழைப்பையும் தடுக்க நேர்ந்தது. ரி.ஐ.ஓ.சி.லினக்ஸ் எனப்படும் அஃது, வரைகலைச் சாளரங்களிலன்றி, லினக்சின் மெய்நிகர் எழுத்துத் திரைகளில் மாத்திரம் இடர் தருவது.

ஓப்பன்பீ.எஸ்.டி.யினர் 2017இலேயே ரி.ஐ.ஓ.சி.எஸ்.ரி.ஐ. அழைப்பை நீக்கிவிட்டனர். லினக்ஸ் கேர்ணலோ 2023 பெப்ரவரியில் வெளிவந்த 6.2ஆம் பதிப்பிலேதான் அதனை நிறுத்திவைக்கும் வசதியைத் தந்தது. தயக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. பார்வையற்றோர் பிறெயில் காட்டியின் துணையோடு கணினியை ஆளுதற்கு உதவும் பி.ஆர்.எல்.ரி.ரி.வை. என்னும் மென்பொருள், அவர்தம் விசையழுத்தங்களை இவ்வழைப்பின் வழியாகவே முனையத்திற் சேர்த்துவந்தது. அதனால், அழைப்பை நிறுத்திவைத்த கணினிகளிலும் உயர் உரிமை பெற்ற மென்பொருள்களுக்கு மாத்திரம் அதனைத் திறந்துவிடும் ஏற்பாடு பின்னர்ச் செய்யப்பட்டது.