கேப் போட்ட பல்லுக்கு கிளிப்

கேப் போட்ட பல்லுக்கு கிளிப் போட முடியுமா? முடியும். ஆனால் இது ஒரு சிக்கலாக மாறியதே புது முறை வந்த பிறகுதான், அதுதான் வேடிக்கை.

1728-ல் பிரான்சின் பியர் ஃபோஷார் எழுதிய நூலிலேயே பல்வரிசையைச் சீராக்கும் உலோகப் பட்டை வருகிறது. பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் காலத்தில், பல்லைச் சுற்றி மோதிரம் மாதிரி வளையம் மாட்டி சிமெண்ட் வைத்தார்கள். உள்ளே இருப்பது சொந்தப் பல்லா, கேப்பா என்பது வளையத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. (சிரித்தால் வாயெல்லாம் உலோகம், அது வேறு விஷயம்!)

1955-ல் மைக்கேல் புவோனோகோர் எனாமலில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்தன. பிசின் அதில் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1965-ல் ஜார்ஜ் நியூமன், பிராக்கெட்டை நேரடியாகப் பல்லிலேயே ஒட்டும் முறையை எழுதினார். முன்பற்களிலிருந்து வளையம் மெல்ல மறைந்தது.

வினையும் அங்கேதான். பீங்கான் கேப்பில் எனாமல் ஏது? பாஸ்பாரிக் அமிலம் அதை அரிக்காது. எனவே நுண்துகள்களை வீசிச் சொரசொரப்பாக்கியோ, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்தோ, மேலே சிலேன் பூசி ஒட்டுகிறார்கள். அந்த அமிலம் ஈறில் பட்டால் புண்ணாகிவிடும். கெட்டியாக ஒட்டினாலும் தொல்லைதான்: கழற்றும்போது பீங்கான் சில்லு பெயர்ந்து வரலாம், கேப்பையே மாற்ற வேண்டிவரலாம். கேப் இருப்பது கடைவாய்ப் பல் என்றால், அந்தப் பழைய வளையத்தையே மாட்டிவிடும் மருத்துவர்கள் இன்றும் உண்டு.