மொய் நோட்டும் ரிட்டர்ன் கிஃப்டும்

மதுரை, தேனிப் பக்கம் வரும் அழைப்பிதழ்களில் இப்போது ஒரே அட்டையில் இரண்டு விழா இருக்கிறது. 'காதணி விழா மற்றும் முதலாம் ஆண்டு பிறந்தநாள் விழா.' காலையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடா வெட்டு. மாலையில் அதே பிள்ளைக்கு மண்டபத்தில் பலூன் வளைவு, கேக். செலவழிக்கிற அப்பாவும் ஒருவர்தான், பணமும் ஒரே பையிலிருந்துதான் போகிறது. ஆனால் காலைச் செலவில் அவருக்கு இருக்கும் தெளிவு மாலைச் செலவில் இருப்பதில்லை. 'பிறந்தநாளுக்கு எவ்வளவு செய்யலாம்?' என்று நாலு பேரிடம் கேட்பவர், காதுகுத்துக்கு அப்படிக் கேட்க மாட்டார். அதற்கான விடை வீட்டு பீரோவில் மொய் நோட்டாக இருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், பிறந்தநாள் செலவு ஏன் கைமீறிப் போகிறது என்பதும் விளங்கும்.

முதலில் மொய் மேசை. பந்தல் வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுதுகிறவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும். பணம் வாங்குகிறவருக்கு உறவுமுறை அத்துப்படியாக இருக்க வேண்டும். நீள நோட்டில் மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே தாய்மாமன் பெயர். பிறகு வரிசையாக ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. ஐநூற்றி ஒன்று, ஆயிரத்தி ஒன்று. ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும் வழக்கமும் உண்டு. சில இடங்களில் லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும் வந்துவிட்டன. மொய் வைத்தவருக்குக் கையோடு ரசீது கிழித்துக் கொடுக்கிறார்கள். ராத்திரி கூட்டிப் பார்த்து, பந்தல்காரருக்கு, சமையல்காரருக்கு, கிடா விற்றவருக்கு என்று கொடுத்தது போக மிச்சம் நின்றதா, துண்டு விழுந்ததா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

அதனால் காதுகுத்துக்கு எவ்வளவு என்பதை உண்மையில் அப்பா தீர்மானிப்பதில்லை. அவரும் அவருடைய அப்பாவும் இதுவரை எத்தனை வீடுகளில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. கணக்காக இருக்கிற வீட்டில் வந்தது ஒரு நோட்டு, போனது ஒரு நோட்டு என்று இரண்டு இருக்கும். போனதைப் புரட்டி, இதில் திரும்பி வரக்கூடியது எவ்வளவு என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கிடாவின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அந்தச் செலவுக்குக் கூரை ஒன்று உண்டு. அந்தக் கூரையைப் போட்டது ஊர்.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிதாக வளரும் என்று பார்க்க விரும்பினால் கிழக்கே போக வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் காதுகுத்து என்ற சாக்குகூட வேண்டியதில்லை. மொய் விருந்தே தனியாக நடக்கிறது. ஆடி, ஆவணியில் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். ஒருவர் ஒருமுறை வைத்துவிட்டால் அடுத்தது ஐந்து ஆண்டு கழித்துத்தான். பழைய மொய்யைத் திருப்புவதோடு நிற்காமல் புது மொய்யும் சேர்த்து எழுத வேண்டும். அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள், கடை வைத்தவர்கள் உண்டு. வட்டியில்லாத கடன் என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே தென்னைகளைச் சாய்த்த பிறகு அடுத்த ஆடியில் மொய்யும் சாய்ந்தது. எல்லோர் கையும் ஒரே சமயத்தில் வறண்டால் நோட்டில் எழுதிய தொகை நோட்டிலேயே நின்றுவிடும்.

காதுகுத்தைத் தூக்கிப் பிடித்து, பிறந்தநாளைத் தாழ்த்திப் பேசும் எண்ணம் எனக்கில்லை. தாய்மாமன் பக்கம் போய்ப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகம் தெரியும். மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துகிற உரிமை அவனுக்கு உண்டு. அந்த உரிமைக்கு விலையும் உண்டு. தாம்பாளத் தட்டுகள், பட்டு, மாலை போட்ட கிடா, மேளம், வெடி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கத் தோடு. தட்டை எண்ணுவதற்கென்றே மாப்பிள்ளை வீட்டில் நாலு பெண்கள் நிற்பார்கள். அக்கா தலைகுனியக் கூடாது என்ற ஒரே பயம் அவனை வட்டிக்கடை வரை கொண்டுபோகும். பிள்ளையின் அப்பாவுக்கு வரவு தரும் அதே விழா தாய்மாமனுக்குத் தீராத கடனாகிறது. பிறந்தநாள் செலவை மட்டும் வெட்டிச் செலவு என்று திட்டுகிறவர்கள் இந்த மாமனை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இனி மாலை விழா.

பிறந்தநாள் கொண்டாட்டம் தமிழருக்குப் புதிதல்ல என்று வாதிடலாம். அரசன் பிறந்தநாளைப் பாடுவதைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. ராஜராஜன் பிறந்த ஐப்பசிச் சதயம் தஞ்சாவூரில் இன்றைக்கும் விழாதான். ஆனால் அது ராஜா வீட்டுச் சமாசாரம். குடியானவர் வீட்டில் அப்போதெல்லாம் பிறந்த தேதியே நிச்சயமில்லை. தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டு, வாத்தியார் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தை ஒட்டிப் பிறந்ததாகச் சான்றிதழ் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதற்கும் பதிவைக் கட்டாயமாக்கிய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-இல்தான். தேதி தெரிந்த வீட்டிலும் நட்சத்திரத்தன்று எண்ணெய்க் குளியல், கோயிலில் ஓர் அர்ச்சனை, பாயசம். அவ்வளவுதான்.

ஆகவே காதுகுத்துக்கு உள்ளது போன்ற முறை பிறந்தநாளுக்கு வளரவில்லை. யாரைக் கூப்பிட வேண்டும், யார் என்ன கொண்டுவர வேண்டும், எதோடு நிறுத்தலாம் என்று சொல்லித்தர ஒரு பாட்டிகூடக் கிடையாது. பாட்டி இல்லாத அந்த இடத்தில் கேக் கடைக்காரரும் அலங்காரக்காரரும் மண்டப மேனேஜரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 'பேக்கேஜ்' என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். வெள்ளிப் பேக்கேஜில் பலூன் வளைவு. தங்கப் பேக்கேஜில் பிள்ளையின் பன்னிரண்டு மாதப் படங்களும் சேரும். வைரப் பேக்கேஜ் என்றால் மைக் பிடித்துக் கத்துவதற்கு ஓர் ஆளும், கரடி வேஷம் போட்ட இன்னோர் ஆளும். ஒரு படி ஏறுவதற்கு இன்னும் ஐயாயிரம்தான் என்பார்கள். எந்தப் படியில் நிற்பது என்பதற்கு நோட்டு எதுவும் இல்லை. போன மாதம் அடுத்த ஃபிளாட்டில் நடந்த விழாவின் படங்கள் மட்டும் அம்மாவின் செல்போனில் இருக்கின்றன.

தலைக்கணக்கில்தான் இரண்டும் நேரெதிராகப் பிரிகின்றன. சாப்பாடு தலைக்கு 350 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கிராமத்துக் காதுகுத்துக்குப் பெரும்பாலும் வீட்டுக்கு ஒருவரோ இருவரோ வந்து, சாப்பிட்டு, ஆயிரத்தி ஒன்று எழுதிவிட்டுப் போவார்கள். கூடுதலாகப் பத்து வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் வரவும் கூடும். பிறந்தநாளுக்கு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமே வரும். சாப்பாடு 1,400. அவர்கள் கொண்டுவருவது 300 ரூபாய்ப் பொம்மை. போகும்போது பிள்ளைக்கு ஒன்றாக 150 ரூபாய்ப் பையை இரண்டு கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பத்துக் குடும்பம் கூடினால் சாப்பாடும் பையுமாக 17,000 ரூபாய் செலவு; வந்திருப்பது பத்துப் பொம்மை. சமையல்காரருக்குப் பொம்மையைக் கொடுக்க முடியாது.

அந்தப் பைக்குத்தான் ரிட்டர்ன் கிஃப்ட் என்று பெயர். சென்னைப் பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் வாங்கி வந்த பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில், வண்ணம் தீட்டும் புத்தகம். அதில் பிள்ளையின் படத்தோடு ஒரு நன்றி ஸ்டிக்கர். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். என்னைக் கேட்டால் இரண்டு விழாக்களுக்கும் உள்ள முழு வேறுபாடும் இந்தப் பையில்தான் இருக்கிறது. மொய் என்பது திருப்பிச் செய்யாமல் விட்டுவைக்கிற கடன். அது நிலுவையில் இருக்கும்வரை இரண்டு வீடும் ஒன்றையொன்று மறக்க முடியாது. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினாலும் காதுகுத்துக்கு வந்து எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். ரிட்டர்ன் கிஃப்டோ வாசலிலேயே கணக்கைத் தீர்த்துவிடுகிறது. நீ கொடுத்தாய், நான் கொடுத்துவிட்டேன், சரியாகப் போயிற்று. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் யாருக்கும் யாரிடமும் பாக்கி இல்லை. நகரத்து வாழ்க்கைக்கு இது வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'சொந்தபந்தம் சேர வேண்டாமா' என்று சொல்லிக்கொண்டு இந்தச் செலவைச் செய்வதில் பொருள் இல்லை. அன்றைக்குச் சேர்ந்து அன்றைக்கே பிரிகிற கூட்டம் அது.

இன்னொரு வேறுபாடு காலம். காது ஒருமுறைதான் குத்துவது. பிறந்தநாள் ஆண்டுதோறும் வரும். முதல் பிறந்தநாளை 60,000 ரூபாயில் செய்தவர் இரண்டாவதை வீட்டோடு முடித்தால், 'என்னாச்சு, ஏதும் கஷ்டமா?' என்று கேட்க ஆள் இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. ஆறு வயதுப் பிள்ளை தன் முதல் பிறந்தநாள் ஆல்பத்தைப் புரட்டும்போது கேட்கும். பின்னால் ஒரு தம்பியோ தங்கையோ பிறந்தால் அதற்கும் குறைக்க முடியாது.

இடையில் ஒரு வேடிக்கை. கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது; காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் அந்தச் சலுகை இல்லை. சட்டம் சொல்கிற உறவுக்குள் வராதவர்கள் கொடுத்த பணம் ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானத்தில் சேரும். வரிச் சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் இரண்டு விழாவும் ஒன்று. மொய் நோட்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போனவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் பெரியவர்கள் விழாதான். காலையில் ஆசாரி ஊசியைக் குத்தியதும் அழுகை. மாலையில் பலூன் வெடித்ததும் அழுகை. இரவு எட்டரைக்குத் தூக்கம் சொக்குகிற பிள்ளையை நெட் துணிக் கவுனுக்குள் திணித்துவைத்து, கையில் கத்தியைப் பிடிக்கவைத்து, போட்டோகிராபருக்காக மூன்று முறை வெட்டச் சொல்வார்கள். மேலே பூசிய கெட்டிச் சர்க்கரை மாவைப் பிள்ளைகளே ஒதுக்கிவைத்துவிடுவதால் தட்டுத் தட்டாக நீலமும் இளஞ்சிவப்புமாகக் கிடக்கும்.

பிள்ளை தானாக விரும்பும் பிறந்தநாள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. எல்லோரும் யூனிஃபார்மில் வர, தான் மட்டும் கலர் டிரஸ்ஸில் போவது. வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பது. மற்ற வகுப்பு டீச்சர்களுக்குக் கொடுக்கப் போகும்போது டப்பாவைத் தூக்கிவர ஒரு சிநேகிதனைத் தேர்ந்தெடுப்பது. அந்தத் தேர்வுக்கு இருக்கும் மவுசு எந்த வைரப் பேக்கேஜிலும் இல்லை. ஒரு துணி, ஒரு மிட்டாய்ப் பாக்கெட், சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு அரைக் கிலோ கேக். கூலி வேலைக்குப் போகிற வீட்டிலும் இதை எப்படியாவது செய்துவிடுகிறார்கள். தாண்டிப் போக முடியாத செலவு என்றால் என் கணக்கில் இது ஒன்றுதான்.

இரண்டையும் வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைக்கும் அளவுகோல்கள் வேறுவேறு. காதுகுத்துக்கு, நோட்டில் உறுதியாகத் திரும்பக்கூடிய தொகையில் பாதியைத் தாண்டாமல் செய்யலாம். மீதி வந்தால் லாபம். சீரைப் பொறுத்தவரை, தாய்மாமனிடம் இவ்வளவு போதும் என்று அப்பாவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை அக்கா சொன்னால் எடுபடாது. பிறந்தநாளுக்கு வரவுக் கணக்கே கிடையாது என்பதால் கேள்வி வேறு: இதே தொகையை அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், இரண்டாவது பிள்ளைக்கும் சம்பளத்திலிருந்தே செய்ய முடியுமா? முடியாதென்றால் அந்தத் தொகை உங்களுக்குரியதல்ல. கிரெடிட் கார்டிலோ நகையை அடகு வைத்தோ கேக் வெட்டுவதற்கு நியாயமே இல்லை. அந்தக் கடனில் கைகொடுக்க மொய் நோட்டு வராது. அந்தப் பணத்தைச் செல்வமகள் கணக்கில் போடுங்கள் என்று புத்தி சொல்லவும் நான் வரவில்லை. பிள்ளைக்கு அன்றைக்கு வேண்டியது கேக்தான். அதை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், மதுரைக்காரர்கள் செய்வதுபோலக் காதுகுத்தோடு சேர்த்து ஒரே நாளில், ஒரே சமையலில் முடியுங்கள். மொய் வாங்குவதாக இருந்தால் மேசையைப் போட்டு வாங்குங்கள். வாங்கப் போவதில்லை என்றால் 'அன்பளிப்பு வேண்டாம்' என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டு, ரிட்டர்ன் கிஃப்டையும் அதோடு நிறுத்திவிடுங்கள்.