ஒருசந்தி

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் புரட்டாசிச் சனிக்கிழமையில் யாரையாவது டிபன் சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள். “இன்னைக்கு ஒருசந்திங்க” என்று பதில் வரும். மாசி, பங்குனியில் இதே சொல் கத்தோலிக்க வீடுகளில் புழங்கும். அவர் பெருமாளுக்கு இருக்கிறார், இவர் தவக்காலத்துக்கு இருக்கிறார். மறையுரையில் ‘ஒறுத்தல்’ என்பார்கள். வள்ளுவரிடம் அது தண்டித்தல். வீட்டில் யாரும் ஒறுப்பதில்லை, ஒருசந்தி இருப்பார்கள்.

சந்தி என்பது பொழுதும் பொழுதும் கூடும் வேளை. கோயில் பூசையில் வரும் காலசந்தியும் அதுதான். வேளைக்கு வைத்த பேர் அந்த வேளைச் சோற்றுக்கும் ஆகிவந்தது. மலையாளத்தில் இதே நோன்புக்கு ‘ஒரிக்கல்’ என்று பேர். தவக்காலத்தின் ஆங்கிலப் பேரான லெந்துக்கோ வயிற்றோடு சம்பந்தமே இல்லை. பகல் நீளும் வசந்தத்தின் பழம்பெயர் அது. நமக்கு அப்போது வெயில் கொளுத்த ஆரம்பித்திருக்கும். ஆனாலும் சி.எஸ்.ஐ. சபையார் இன்றும் ‘லெந்து நாட்கள்’ என்றே சொல்கிறார்கள்.

1623இல் மதுரையிலிருந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, வருஷம் முழுக்கவே ஒருவேளைச் சோற்றுக்காரர். காவி உடுத்தி, கறி, மீன், முட்டை மூன்றையும் தள்ளி, சந்நியாசியாகவே வாழ்ந்தார். உரோமையின் சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. 1966இல் போப் ஆறாம் பவுல் அதை இன்னும் தளர்த்தினார். விபூதிப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான் கட்டாய ஒருசந்தி. அன்றைக்கும் ஒரு முழுச் சாப்பாடு போக, இரண்டு தடவை கொஞ்சமாக எதையாவது சாப்பிடலாம். பேருக்குத்தான் ஒருசந்தி!

முட்டை விஷயம் இன்னும் சுவையானது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டைக்கும் தடை இருந்தது. கோழி அதைக் கேட்டு இடுவதை நிறுத்துமா? சேர்ந்துபோன முட்டைதான் ஈஸ்டர் முட்டை ஆயிற்று. இன்றைய சட்டம் கறியை மட்டும் தடுக்கிறது. முட்டையும் மேட்டூர் மீனும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் தமிழில் கறி விலக்குவதற்குச் ‘சுத்தபோசனம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் கவிச்சி படாததுதான் சுத்தம். முட்டையும் கவிச்சியில் சேர்த்தி. அதனால் லாரி லாரியாக முட்டை அனுப்பும் நாமக்கல்லிலேயே, சட்டம் திறந்துவிட்ட கதவைச் சொல் சாத்திவிட்ட வீடுகள் உண்டு.

இப்போது இளையவர்கள், “தவக்காலத்துக்கு நீ என்ன விட்டே?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். டீ, சினிமா, வாட்ஸ்அப் என்று பட்டியல் வருகிறது. விடுவது நமக்குப் புதிதில்லை. காசிக்குப் போனவர்கள் பிடித்த காயையோ பழத்தையோ விட்டுவிட்டு வருவார்கள். அங்கே விட்டால் ஆயுசுக்கும் விட்டதுதான். தவக்காலத்தில் விட்டது ஈஸ்டர் ஞாயிறு காலையில் பிரியாணியோடு திரும்பிவிடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, நாற்பது நாளும் நாள்தானே. எனக்குள்ள சந்தேகம் வேறு. ஒருவேளைச் சோற்றைக் குறைத்த வீட்டில் அரிசி மிஞ்சும். அந்தக் கைப்பிடி அரிசியோ அதன் காசோ இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பை விட்டவர் தவக்கால உண்டியலில் எதைப் போடுவது?