தற்புகழ்ச்சிக்கு நான்கு இடங்கள்: பவணந்தியும் வேலை தேடுவோரும்

தம் கல்வியையும் பணித்திறனையும் இணையத்தில் எழுதிவைத்து, ஆள் தேடும் நிறுவனத்தார் கண்ணில் படும்படி செய்வது இன்றைய இளைஞர்க்கு இன்றியமையாததாகிவிட்டது. 1997இல் இந்தியாவில் நௌக்ரி தளமும், 2003 மே மாதம் அமெரிக்காவில் லிங்க்ட்இன் தளமும் தோன்றிய பின்னர், விண்ணப்பம் எழுதி அனுப்பும் வழக்கத்தின் இடத்தில், எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் மெல்ல வந்து அமர்ந்தது. கோவை வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு பயிலும் மாணவர்க்கு இது பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடம். அவர்களுள் பலர் திணறுவது தொழில்நுட்பத்தில் அன்று, “என்னைப் பற்றி நானே எப்படி எழுதுவது?” என்னும் ஒரே வினாவில்தான்.

இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமண முனிவர் இதற்கு விடை எழுதியிருக்கிறார். அவர் நன்னூல் இயற்றிய பவணந்தி. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் இந்நூலைச் செய்தார் என்பதும், அவர் சனகை என்னும் ஊரோடு தொடர்புடையவர் என்பதும் அந்நூலின் சிறப்புப்பாயிரத்தால் தெரிகின்றன. அச்சனகை ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்று கொங்கு நாட்டார் கொள்வர். மைசூர்ப் பகுதியில் அதைத் தேடுவோரும் உளர். ஊர் எதுவாயினும், பவணந்தியின் விடை கொங்கு நாட்டு மாணவனுக்கு இன்றும் உதவக்கூடியது என்பதே இங்கு நாம் சொல்லவருவது.

அவ்விடைக்குச் செல்லுமுன், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழக்கம் இம்மண்ணில் எவ்வளவு பழையது என்பதைப் பார்த்துவிடலாம்.

கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலை என்றொரு குன்று உண்டு. அதன் குகைத்தளங்களில் சமண முனிவர்க்குக் கற்படுக்கை செய்வித்தோர் தம் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்துள்ளனர். அவர்களுள் ஒருவன் கருவூரைச் சேர்ந்த பொன் வாணிகன் நத்தி. ஊர், தொழில், பெயர், செய்த செயல் என நான்கே செய்திகள்; அடைமொழி ஒன்றும் இல்லை. ஈரோட்டுக்கு அருகில் அரச்சலூர் நாகமலையில் உள்ள மற்றொரு கல்வெட்டு இன்னும் சுவையானது. இசைக்கும் கூத்துக்கும் உரிய எழுத்தடுக்குகள் அங்கே பாறையில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றை அமைத்தவன் தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன் என்ற குறிப்பும் உடன் உள்ளது. வண்ணக்கன் என்பான் பொன்னும் நாணயமும் நோட்டம் பார்ப்பவன். பிழைப்புக்கு ஒரு தொழில், அதற்கு அப்பால் ஒரு கலைத்திறன் என இரண்டையும் சொல்லி, அத்திறனுக்குச் சான்றாகச் செய்த வேலையையே பக்கத்தில் காட்டிவிட்டான் அவன். தன்னைக் கெட்டிக்காரன் என்று அவன் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை.

சங்கப் புலவர் பெயர்களும் இவ்வமைப்பிலேயே வழங்கின. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் பெயர்களில் ஊரும் தொழிலும் முன்னே வந்து ஆளை அடையாளம் காட்டுகின்றன. இன்றைய இணையப் பக்கத்தில் பெயருக்குக் கீழே ஒற்றை வரியில் எழுதச்சொல்லும் குறிப்பு இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

ஆனால் ஊரும் தொழிலும் சொல்லிவிட்டால் போதுமா? திறம் அறியப்பட வேண்டாமா? புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரின் வாழ்க்கை இவ்வினாவை நம் முன் வைக்கிறது. வறுமையில் வாடிய அப்புலவர், தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். அவரை நேரில் காணாமலே, இதைப் பெற்றுக்கொண்டு செல்க என்று அதியமான் பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் ஏற்கவில்லை. காணாது கொடுத்த பொருளைப் பெற்றுச்செல்லத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் அளவறிந்து தருவது தினையளவாயினும் இனிது என்றும் பாடினார். அவரே கொங்கின் தென்பகுதியில் முதிரமலைக்குரிய குமணனிடம் சென்று பெருவளம் பெற்றதையும் புறநானூறு சொல்கிறது. உலைக்கு அரிசியில்லாத வீட்டுக்காரர் ஒருவர் பரிசிலை மறுத்தார் என்பதை நாம் மறக்கலாகாது. அவர் கேட்டது பொருளை மட்டுமன்று. தம் திறம் அறியப்படுவதையும் கேட்டார். வேலை தேடும் எவரும் உள்ளத்தின் அடியில் கேட்பது அதுவே.

இனிப் பவணந்திக்கு வருவோம். நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்கும் ஆசிரியனுக்கும் மாணாக்கனுக்கும் இலக்கணம் சொல்வது. அதன் இறுதிப் பகுதியில், ஒருவன் தன்னைத் தானே புகழலாமா என்னும் சிக்கலை அவர் எடுத்துக்கொள்கிறார். முதலில் பொதுவிதி: முன்பு இல்லாத அரிய நூலையே ஒருவன் ஆக்கிப் பல துறைகளை முற்றுவித்தான் எனினும், அவன் தன்னைத் தான் புகழ்வது தகுதியாகாது. இதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது ஓர் அறவுரையாக மட்டும் நின்றிருக்கும். அடுத்த நூற்பாவிலேயே விதிவிலக்குகளை வகுக்கிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்கிறார்.

இந்நான்கில் முதலிரண்டையும் சற்று நின்று நோக்குக. அரசவைக்கு விடுக்கும் ஓலை, அந்நாளைய வேலை விண்ணப்பம். புரவலனுக்குப் புலவர் எழுதிய சீட்டுக்கவி இவ்வகையில் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. அதில் தன் புலமையைப் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்வது மரபு. 1919இல் எட்டயபுரம் அரசருக்கு ஓலை எழுதிய பாரதியும் அம்மரபிலேயே நின்றார். அடக்கமில்லாதவர் என்று அவரை எவரும் பழித்ததில்லை; இடம் அறிந்து பேசினார் என்றே கொண்டனர்.

இரண்டாவதாகிய ஆற்றல் உணராதார் இடை என்பது இணையப் பக்கத்துக்கு அப்படியே பொருந்துவது. பெங்களூரிலோ சென்னையிலோ அமர்ந்து, திரையில் நூறு பெயர்களை நகர்த்திப் பார்க்கும் ஆள்தேர்வாளருக்கு நம் மாணவனின் ஊரும் தெரியாது, உழைப்பும் தெரியாது, ஆசிரியர் சொல்லும் எட்டாது. அவர் இன்ன திறன், இன்ன ஊர், இத்தனை ஆண்டு அனுபவம் என்று சில சொற்களை இட்டுத் தேடுகிறார். அச்சொற்கள் பக்கத்தில் இல்லாவிடில் ஆளே இல்லை என்றாகிவிடும். அங்கே காட்டும் அடக்கம் அடக்கமாக அறியப்படுவதில்லை, திறமின்மையாகவே கொள்ளப்படும்.

அப்படியானால் எதையும் சொல்லலாமா? பவணந்தி அதற்கும் அளவு வைத்திருக்கிறார். நூலுக்கு முன்நிற்கும் சிறப்புப்பாயிரத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பட்டியல் தருகிறார்: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு. இவற்றுள் ஒன்றுகூடப் புகழ்மொழி அன்று, எல்லாம் செய்தி. இதே பட்டியலை வேலை தேடும் இளைஞன் தன் பக்கத்துக்கு வைத்துப் பார்க்கலாம். யாரிடம், எங்கே கற்றேன்? எதைச் செய்தேன்? எந்தக் கருவியால், எவ்வளவு காலத்தில்? அதனால் விளைந்த பயன் என்ன?

நம் பார்வைக்கு வரும் பக்கங்களில் பெரும்பாலானவை இதற்கு மாறானவை. ஒரு சாரார் பெயரும் படிப்பும் மட்டும் எழுதி விட்டுவிடுகின்றனர். மற்றொரு சாரார் கடின உழைப்பாளி, விரைந்து கற்பவர், குழுவோடு இணங்கிப் பணியாற்றுபவர் என்று எங்கிருந்தோ எடுத்த சொற்களை நிரப்புகின்றனர். வார்ப்படச் சாலையில் மூன்று மாதம் பயிற்சி பெற்ற மாணவன், “பம்பு உறைகளில் தோன்றும் வார்ப்புக் குறைகளை நாள்தோறும் பதிந்து, காரணவாரியாகப் பிரித்துக் காட்டினேன்” என்று எழுதினால் அது அரச்சலூர் வண்ணக்கனின் வழி. “ஆர்வமும் ஊக்கமும் மிக்க பொறியாளர்” என்று எழுதினால் பவணந்தி விலக்கிய வழி.

பட்டியலில் கேட்போர் என்னும் சொல் தனித்து எண்ணத்தக்கது. இத்தாலியில் 1482ஆம் ஆண்டளவில், முப்பது வயதினரான லியோனார்டோ டாவின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை வேண்டி எழுதிய மடலின் வரைவு இன்றும் உள்ளது. போர்ப்பாலம் அமைப்பேன், பீரங்கி செய்வேன், அரண் தகர்ப்பேன் என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், இறுதியில்தான் ஓவியமும் சிற்பமும் அறிவேன் என்கிறார். உலகம் அவரை ஓவியராகப் போற்றுகிறது. மிலானுக்கு அன்று தேவைப்பட்டவர் போர்ப்பொறியாளர். கேட்போரை அறிந்து முன்பின் வரிசை அமைத்தார் அவர்.

பவணந்தியின் மற்றொரு விதி இன்னும் கூர்மையானது. பாயிரத்தைப் பிறர் சொல்வதே முறை என்பதால், யார் யார் சொல்லலாம் என்றும் வரையறுக்கிறார்: தன் ஆசிரியன், தன்னோடு உடன் கற்றவன், தன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன். நால்வரும் அந்நூலை அல்லது அதை ஆக்கியவனை அருகிருந்து அறிந்தவர்கள். செல்வரும் உறவினரும் ஊர்த்தலைவரும் இப்பட்டியலில் இல்லை. லிங்க்ட்இன் பக்கத்தில் பரிந்துரை எழுதப் பிறரை வேண்டும் வசதி உண்டு. அதற்கு யாரைக் கேட்பது என்று தயங்கும் மாணவனுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் இல்லை: கற்பித்தவர், உடன் பணியாற்றியவர், தன்னிடம் கற்றுக்கொண்டவர், துறை அறிந்தவர்.

கொங்கு நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இவ்விதி பெரிதும் பின்பற்றப்படவில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் முயற்சியால் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. இந்திய ஆலைகளில் அக்காலத்தில் ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் மேஸ்திரிகள். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் இத்தகைய இடையாட்களே ஆள் திரட்டினர். ஊரும் சாதியும் உறவுமே அங்கு நற்சான்று, கைம்மாறும் எதிர்பார்க்கப்பட்டது. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் இம்முறையைக் கடிந்து, ஆள் சேர்ப்பதை இவர்கள் கையிலிருந்து எடுக்கவேண்டும் என்றது. வெள்ளைக்கார வீடுகளில் பணியாற்றியோர் துரைமார் கொடுத்த நற்சான்றுச் சீட்டுகளைக் கட்டிவைத்திருந்தனர். அவற்றை இரவல் வாங்கிக் காட்டுவோரும் உண்டு. இரண்டிலும் சொல்லப்பட்டது ஆளின் சார்பே அன்றி ஆற்றல் அன்று.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நிலை மாறத் தொடங்கியது. 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக உள்ள நிறுவனம், 1951இல் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம் என்று கல்விக்கூடங்கள் எழுந்தன. 1959இல் காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பதிவு அட்டை கையில் இருந்தால் எவர் மகனும் வரிசையில் நிற்கலாம் என்றாயிற்று. ஆயினும் அவ்வட்டை மூப்பைச் சொன்ன அளவுக்குத் திறத்தைச் சொல்லவில்லை.

இவ்வரலாற்றின் பின்னணியில் வைத்துப் பார்த்தால், இணையத்தில் ஒருவன் எழுதிவைக்கும் தன்விவரப் பக்கம் வெறும் விளம்பரம் அன்று என்பது விளங்கும். பரிந்துரைக்க மாமனும் மச்சானும் இல்லாதவனுக்கு, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளுக்கு, மேஸ்திரியைக் கடந்து செல்லக் கிடைத்த வழி அது. குறையும் உண்டு. தேடித் தருவது எந்திரம். அதற்குச் சொல் தெரியும், ஆள் தெரியாது. நகரத்து ஆங்கிலம் வாய்த்தவர்க்கு அது கூடுதலாகத் துணைபோகிறது. பெருஞ்சித்திரனார் மறுத்த காணாது கொடுத்தலின் ஒரு சாயல் இதிலும் இருக்கிறது. அதனாலேயே, முன்னே வைக்கும் சொல் உண்மையாகவும் திட்டமாகவும் இருப்பது முன்னிலும் தேவையாகிறது. நேர்காணலில் கேள்வி எழும்போது பக்கத்தில் எழுதியதற்கு எழுதியவரே விடை சொல்லவேண்டும்.

ஆயிரம் துறைகளில் விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் நூலாகாது என்றும், மாநகருக்குக் கோபுரம்போல் நூலுக்குப் பாயிரம் அழகு என்றும் அப்பகுதியை முடிக்கிறார் பவணந்தி. கோபுரம் ஊருக்கு வழி காட்டுவது. ஊரைவிடப் பெரிதாய்த் தோன்றுவதற்கு எழுப்புவது அன்று. தமிழ் இலக்கணம் வேலைக்கு உதவாது என்று கருதும் மாணவரிடம் நன்னூலின் இந்தச் சில நூற்பாக்களையேனும் கற்பிக்கும் நாம் எடுத்துச்சொல்லலாம். தம்மைப் பற்றி எழுதக் கூசும் பிள்ளைகளுக்கு, எழுதலாம் என்னும் இசைவும் எதுவரை என்னும் எல்லையும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன.